மாடிப் பள்ளியா, தொட்டிக்கட்டுப் பள்ளியா?

திருப்பூர்ப் பக்கம் பனியன் வேலைக்குக் குடும்பங்கள் வந்து சேரச் சேர, தொடக்கப் பள்ளியில் இடம் போதாமல் போகிறது. உடனே நினைவுக்கு வருவது கான்கிரீட் மாடிக் கட்டடம். குறைந்த நிலத்தில் நிறைய வகுப்பறை கிடைக்கும். ஆனால் சித்திரை வெயிலில் மேல்தளம் கொதிக்கும். கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் ஓரளவு தணியும்.

இன்னொரு வழி, நம் தொட்டிக்கட்டு வீட்டைப் போலக் கட்டுவது. நடுவே முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், ஓட்டுக் கூரை. பாலக்காட்டுக் கணவாய் வழி வரும் ஆடிக் காற்று மேற்குச் சன்னலில் நுழைந்து கிழக்கே வெளியேறும். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கலாம். எல்லா அறையும் தரைத்தளத்திலேயே இருப்பதால், சக்கர நாற்காலிப் பிள்ளை எல்லா வகுப்புக்கும் தானே போய்வரும். எனக்கு இதுதான் பெரிது.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 90 வரை 3. ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு வகுப்பறையாவது வேண்டும். பிள்ளைகள் கூடக் கூட முற்றத்தைச் சுற்றி ஒவ்வோர் அறையாகச் சேர்க்கலாம். அறைகளுக்கு நடுவே உள்ள தடுப்புச் சுவர்மேல் கூரைப் பாரம் இறங்காதபடி கட்டியிருந்தால், பின்னால் எடுத்துவிட்டு இரண்டறையை ஒன்றாக்கலாம்.

நிலம் இருக்கும் ஊருக்குத் தொட்டிக்கட்டையே சொல்வேன். சென்ட் விலை ஏறிய நகர வார்டில் மாடிதான் வழி. அங்கே அடித்தளத்தை முதலிலேயே மேல்மாடிக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.