நைஸ் உள்மரைக்கு இன்செர்ட் பாரா, எச்.எஸ்.எஸ். பிட்டா? மூன்று வருடம் ஓட்டிய பிறகு

கஞ்சிக்கோட்டிலிருந்து ஒரு நண்பர் கேட்டார்: பேரிங் லாக் நட்டுக்கு (ஷாஃப்டில் பேரிங்கை நகராமல் இறுக்கும் நட்) நைஸான, அதாவது நெருக்கமான, உள்மரை போட, கார்பைடு முனையை (இன்செர்ட்) மாட்டிக் கழற்றுகிற இன்செர்ட் பார் வாங்கலாமா, பழையபடி எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் தீட்டியே ஓட்டலாமா? வாளையாறுக்கு இந்தப் பக்கம் 11 ஐ.ஆர். அளவு இன்செர்ட் போடுகிற பார் ஒன்று மூன்று வருடமாக வேலை செய்கிறது. அதை வைத்துச் சொல்கிறேன்.

கடையில் கிடைக்கிற நட்டை யாரும் லேத்தில் போடப்போவதில்லை. கே.எம். 6 என்கிற அளவு வேண்டுமென்றால் 30 × 1.5 (30 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி), வாங்கி மாட்டிவிடலாம். எண்ணெய் மில் ஷாஃப்டில் மரை தேய்ந்து, 30-ஐ 28-ஆகக் கடைந்து மறுபடி 1.5 பிட்ச் போட்டால்தான் சிக்கல். 28 × 1.5 டேப்புக்கு (துளையில் திருகி மரை வெட்டும் கருவி) அலைவதைவிட நட்டை நாமே கடைவது மேல். டேப் கிடைத்தாலும் டெயில்ஸ்டாக்கில் நேராகப் பிடிக்காமல் கோணலாக இறங்கினால், நட்டின் முகம் பேரிங்கில் ஒரு பக்கம் மட்டும் உட்காரும். அதனால் லேத்தில் ஒற்றை முனையில் வெட்டுவதே சரி.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். இந்த பார் போடுகிற மரை அழகு. கோணம் 60 டிகிரி சந்தேகமே இல்லை, தீட்டுகிறவர் கையைப் பொறுத்து மாறாது. முனை போனால் இன்செர்ட்டைத் திருப்பி மாட்டினால் போதும், அநேகமாக அதே இடத்துக்கு வந்து நிற்கும். ஒரு இன்செர்ட்டில் மூன்று முனை.

எரிச்சலும் அந்த முனைதான். நம் பக்கத்துப் பழைய லேத்துகளில் சேடிலை (கருவி தாங்கும் வண்டி) நகர்த்தும் லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு நாலு மரை. அதில் 127 பல் கியர் மாட்டி மெட்ரிக் போடும்போது சேடிலை லீட் ஸ்க்ரூவோடு பிணைக்கும் ஹாஃப் நட்டைத் திறக்கக்கூடாது, திறந்தால் மரை தவறிவிடும். ஆகவே ஒவ்வொரு வெட்டுக்கும் கிராஸ் ஸ்லைடைத் திருகி முனையை மரையிலிருந்து விடுவித்து, மோட்டாரை ரிவர்ஸ் போட்டு, முழுத் தூரமும் திரும்பி வர வேண்டும். விடுவிக்க அரை நொடி தாமதித்தால் சக் வெட்டுக்குள்ளேயே நின்று திரும்பும், கார்பைடு முனை பொடிந்துவிடும். எச்.எஸ்.எஸ். அந்த உதையைத் தாங்கும். இதைப் பாரின் குற்றம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கோபம் வருவது அதன் மேல்தான்.

வேகமும் ஒத்துவராது. எம்.எஸ்.ஸில் (மைல்ட் ஸ்டீல்) கார்பைடு கேட்பது நிமிடத்துக்கு 80, 100 மீட்டர். 28 மி.மீ. துளைக்கு அது 1000 சுற்று. 1.5 பிட்ச்சில் 1000 சுற்று என்றால் சேடில் நொடிக்கு 25 மி.மீ. ஓடும். 20 மி.மீ. நட்டைத் தாண்ட ஒரு நொடிகூட ஆகாது, எந்தக் கை நிறுத்தும்? 60 சுற்றில் ஓட்டினால் ஐந்து மீட்டர்தான் கிடைக்கும். இரும்பு முனையில் ஒட்டும், பிய்ந்து போகும்போது முனையையும் கூட்டிக்கொண்டு போகும்.

எந்த இன்செர்ட் வாங்குகிறோம் என்பதும் முக்கியம். எல்லாக் கடையிலும் முதலில் எடுத்துத் தருவது ஏ60. 0.5 முதல் 1.5 வரை எல்லா பிட்ச்சுக்கும் ஒன்றே போதும் என்பார்கள். உண்மைதான், ஆனால் 0.5-க்கும் ஈடுகொடுக்க வேண்டுமென்பதால் முனை ஊசி மாதிரி இருக்கும். 1.5 போடும்போது ஆழமும் 0.81-க்குப் பதில் 0.9 வரை போக வேண்டும். பொடிவதில் முக்கால்வாசி இதுதான். 1.5 ஐ.எஸ்.ஓ. என்று அந்த பிட்ச்சுக்கென்றே வருகிற முழு உருவ இன்செர்ட் எதிர்பாராத நிம்மதி. முனை அகலம், மரையின் தலையையும் அதுவே சீவிவிடும், பிசிறு எடுக்கும் வேலை மிச்சம். அதற்குத் துளையை 26.28 அளவில் விட வேண்டும். ஏ60-க்கு 26.4-லிருந்து 26.65-க்குள். வெளிமரை இன்செர்ட்டை உள்மரைக்கு மாற்றிப் போடக்கூடாது, ஆழமும் முனை அகலமும் வேறு.

பிட் வழி: 16 மி.மீ. பார், குறுக்கே 6 மி.மீ. சதுர பிட், 5 சதவீத கோபால்ட் என்றால் நல்லது. சென்டர் கேஜில் (மரைக் கோணம் பார்க்கும் தகடு) 60 டிகிரி பார்த்துத் தீட்டி, முனையை எண்ணெய்க் கல்லில் 0.15 மி.மீ. மழுக்க வேண்டும். அடிப்பகுதியை நன்றாகச் சரித்து எடுக்காவிட்டால் துளையின் வளைவில் உரசும். மரை நொறுங்கலாக வருவதற்கு இதுதான் காரணம், பலர் பிட்டைக் குறை சொல்வார்கள். முனை சென்டருக்கு ஒரு மயிரிழை மேலே இருக்கட்டும், பளுவில் பார் கீழே அழுந்தும்போது சரியாகிவிடும். பார் வெளியே நீட்டுவது 48 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

ரிவர்ஸில் வரும்போது நட்டின் முகத்தைத் தாண்டி குறைந்தது ஐந்து மி.மீ. வெளியே வந்துதான் நிறுத்த வேண்டும். லீட் ஸ்க்ரூவின் விளையாட்டு (தளர்வு) தீராமல் உள்ளே நுழைந்தால் முதல் மரை கெட்டுவிடும். மரை முடிகிற இடத்தில் மூன்று பிட்ச் அகலத்துக்கு, அதாவது 4.5 மி.மீ., காடி வெட்டிக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க்கு இந்தப் பக்கம் தேங்காயெண்ணெய்தான் கைக்கு எட்டும், மரைக்கு நன்றாகவே ஒத்துவரும். மார்கழிக் காலையில் உறைந்திருக்கும், லேசாகச் சூடாக்கி விட வேண்டும்.

நண்பருக்குப் பதில்: பார் நல்ல பார்தான், மரை அதில்தான் அழகு. ஆனால் ரிவர்ஸ் போட்டு ஓட்டுகிற லேத்துக்கு வாங்காதீர்கள், பிட் தீட்டுங்கள். வாங்கியே தீருவேன் என்றால் 1.5 ஐ.எஸ்.ஓ. மட்டும், ஏ60 வேண்டாம். எதில் போட்டாலும் கடைசி இரண்டு ஓட்டம் ஆழம் கொடுக்காமல் ஓட்டிவிட்டு, பிறகு ஷாஃப்டில் ஏற்றிப் பாருங்கள்.