துருவைக் காட்டிப் புது டிரம்முக்குப் பில் போட்டார்கள்: பின்சக்கர பிரேக் பற்றி ஓர் எச்சரிக்கை

காரின் பின்சக்கர டிரம் பிரேக் துருப்பிடித்துவிட்டது, முழுவதையும் மாற்றியாக வேண்டும் என்று எந்தப் பணிமனையாவது சொன்னால், சக்கரத்தோடு சுழலும் கிண்ணம் போன்ற டிரம்மைக் கழற்றி, துரு எந்த இடத்தில் இருக்கிறதென்று காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு சம்மதியுங்கள். மாற்றாத பாகங்களை மாற்றியதாக எழுதி என்னிடம் பணம் வாங்கிக்கொண்டார்கள். அதைவிடக் கவலை தருவது, உண்மையிலேயே மாற்றியிருக்க வேண்டிய பாகத்தை அவர்கள் தொடவே இல்லை என்பதுதான்.

மழைக்காலத்தில் சில நாட்கள் வெளியில் நின்றிருந்த வண்டி, கிளம்பும்போது பின்பக்கத்தில் உராயும் ஓசை எழுப்பியது. நான்கைந்து முறை பிரேக் மிதித்ததும் அது நின்றுவிடும். டிரம் வார்ப்பிரும்பால் ஆனது என்பதால் ஈரம் பட்டால் அதன் உட்பரப்பில் மெல்லிய துரு படிவதும், பிரேக் மிதிக்கும்போது உள்ளிருந்து டிரம்மை அழுத்தும் ஷூக்களின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் அதைத் தேய்த்து அகற்றிவிடுவதும் இயல்பு. ஆனால் மெதுவாக நிறுத்தும்போது கேட்ட கிறீச்சென்ற ஓசை மட்டும் போகவே இல்லை. அதற்காகத்தான் பணிமனைக்குச் சென்றேன். அங்கிருந்தவர் சக்கரத்தைக்கூடக் கழற்றாமல், அதன் இடுக்கு வழியே விளக்கடித்து, டிரம்மின் வெளிப்புறத்தில் தெரிந்த செந்துருவைக் காட்டி, டிரம், ஷூ, ஷூக்களை வெளியே தள்ளும் வீல் சிலிண்டர் எல்லாமே இருபக்கமும் மாற்ற வேண்டும் என்றார். வெளிப்புறத் துரு பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர, பிரேக் பிடிப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அதைச் சொன்னபோது, உள்ளே இன்னும் மோசமாக இருக்கும் என்று பதில் வந்தது.

வண்டி திரும்பியபோது டிரம்கள் கறுப்பு வண்ணத்தில் பளபளத்தன, ஓசையும் இல்லை. சில வாரங்களில் கிறீச்சொலி முன்பைவிடக் கூடுதலாகத் திரும்பியதோடு, ஹேண்ட்பிரேக் லீவரை வழக்கத்தைவிட உயரத் தூக்க வேண்டியதாயிற்று. புது ஷூ உட்காரும்வரை சத்தம் வரத்தான் செய்யும் என்று அதே பணிமனையில் சமாதானம் சொன்னார்கள். புது லைனிங் டிரம்மோடு பொருந்தச் சற்று ஓட வேண்டும் என்பது சரிதான். ஆனால் அப்படி வரும் ஓசை ஓட ஓடக் குறைய வேண்டுமே அன்றிக் கூடக் கூடாது.

வேறொரு மெக்கானிக் என் கண்ணெதிரே திறந்தார். டிரம் எளிதில் வெளியே வரவில்லை. ஷூ படாத உள்விளிம்பில் தேய்மானத்தால் ஒரு மேடு எழுந்து, அதன்மேல் துருவும் ஏறியிருந்தது. புது டிரம்மில் அப்படியொரு மேடு இருக்க வாய்ப்பே இல்லை. பழைய டிரம்முக்கு வண்ணம் பூசியிருக்கிறார்கள். ஷூக்களும் பழையவையே: லைனிங்கின் பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுத்திருந்ததால்தான் கொஞ்ச காலம் ஓசை அடங்கியிருந்தது. ஷூக்களைத் தாங்கும் பின்தகடான பேக்கிங் பிளேட்டில் ஷூ நகர்ந்து உராயும் சிறு மேடுகள் துருவேறிப் பள்ளம் விழுந்து, ஒரு துளி கிரீஸ்கூட இல்லாமல் உலர்ந்திருந்தன. கிறீச்சொலிக்கு முதன்மைக் காரணம் அதுவே. தானாக இடைவெளியைச் சரிசெய்ய வேண்டிய அட்ஜஸ்டரின் மரை துருவால் இறுகிப்போயிருந்ததால், தேய்ந்த ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி பெருகி, ஹேண்ட்பிரேக் உயர்ந்திருக்கிறது.

இவையெல்லாம் ஏமாற்று என்ற அளவில் நிற்பவை. இடப்பக்க வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கியபோது உள்ளே பிரேக் ஆயில் கசிந்து ஈரமாக இருந்ததும், அது ஒரு லைனிங்கின் ஓரத்தை நனைத்திருந்ததும் வேறு வகை. எண்ணெய் பட்ட லைனிங் சரியாகப் பிடிக்காது. ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் நழுவினால் வேகத்தில் வண்டி திசைமாறலாம். புதிதாகப் போட்டோம் என்று பில்லில் எழுதியிருந்த அதே சிலிண்டர்தான் இது.

இதில் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று உண்டு. அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச உள்விட்டம் டிரம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து பார்த்ததில் என் டிரம்கள் அதற்குள்ளேயே இருந்தன. அதாவது, அவற்றை மாற்ற வேண்டிய தேவையே இருந்ததில்லை. விளிம்பு மேட்டைத் தேய்த்து, பேக்கிங் பிளேட்டின் மேடுகளைச் சுத்தம் செய்து, அதிவெப்பம் தாங்கும் கிரீஸை மிகச் சிறிதளவு தடவி, அட்ஜஸ்டரை விடுவித்து, ஷூக்களையும் சிலிண்டர்களையும் இருபக்கமும் புதிதாகப் போட்டு, பிரேக் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றியதும் ஓசை நின்றது.

வேலைக்கு விடும் முன்பே, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றும் முன் டிரம்மின் உட்புறத்தில் சிறு குறியிட்டு வைக்க வழியில்லை என்பதால், திறந்ததும் உள்விளிம்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். பூட்டும் முன் மறுபடி ஒரு படம். முதல் பணிமனை இதுவரை கூலியை மட்டும் திருப்பித் தர முன்வந்திருக்கிறது. பாகங்களின் விலையையும் சேர்த்துத் தரும்படி, மெக்கானிக் எடுத்த படங்களுடன் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன்.