தெருப் பொங்கலுக்குப் பந்தல் முதல் மைக் செட் வரை இந்தக் கடையில்தான் எடுத்தோம்

உறையூரில் எங்கள் தெரு சின்னது, மொத்தமே 42 வீடு. காணும் பொங்கலன்று பாதிப் பேர் முக்கொம்புக்கும் கல்லணைக்கும் கிளம்பிவிடுவார்கள், அதனால் அதற்கு அடுத்த ஞாயிறு தெருப் பொங்கல் வைப்பது என்று முடிவு செய்தோம். காலையில் கோலப்போட்டி, மதியம் எல்லோருக்கும் தெருவிலேயே சாப்பாடு, மாலையில் உறியடி, கயிறு இழுத்தல், பிள்ளைகளின் ஆட்டம் பாட்டு, நம்ம தெருப் பெண்களே போடுகிற ஐந்து தின்பண்டக் கடை. பந்தல், நாற்காலி, மைக் செட், ஜெனரேட்டர், பாத்திரம், பிள்ளைகள் ஏறிக் குதிக்கிற காற்றுப் பலூன் எல்லாமே இந்த ஒரு கடையில் வாடகைக்கு எடுத்ததுதான்.

முதல் சிக்கல் தேதி. மார்கழி முடிந்து தை பிறந்ததும் கல்யாணங்கள் ஆரம்பித்துவிடும், நாங்கள் பிடித்த ஞாயிறு முகூர்த்த நாள். வேறு இரண்டு கடைகளில் கேட்டோம், கல்யாண ஆர்டர் போக மிச்சம் இருந்தால் தருகிறோம் என்றார்கள். இங்கே முதலாளி விலை சொல்வதற்கு முன்பே, "தெருவ ஒரு தடவ பாத்துட்டு சொல்றேங்கக்கா" என்று சொல்லி அன்று சாயங்காலமே வண்டியில் வந்துவிட்டார். வந்தவர் அளவு நாடாவை எடுக்கவில்லை. இந்தத் தெருவில் வயசானவர்கள் எத்தனை பேர், படுக்கையில் யாராவது இருக்கிறார்களா, நிறைமாதக்காரி யாராவது உண்டா என்றுதான் கேட்டார். ஆறாவது வீட்டுப் பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம் என்று சொன்னோம். தெருவை அடைத்துப் பந்தல் போடும் எண்ணத்தில் இருந்த எங்களிடம், ஒரு பக்கம் கார் போகிற அளவுக்கு வழி விட்டால்தான் வேலையை எடுப்பேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஞாயிறு மாலை நாலரைக்கு, உறியடி நடந்துகொண்டிருந்தபோது, அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகக் கார் வந்தது. ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை. இதற்காகவே இந்தக் கடையை யாருக்கும் சொல்வேன்.

தார் ரோட்டில் குழி தோண்டவே இல்லை. மணல் நிரப்பிய டின்களில் சவுக்குக் கம்பு நட்டுக் கட்டினார்கள். உறியடிக் கயிற்றை இளைஞர்கள் கரண்ட் கம்பத்தில் கட்டப் போனபோது பந்தல்காரத் தம்பி ஓடி வந்து தடுத்து, அதற்கும் தனியாக இரண்டு கம்பு நட்டுக் கொடுத்தார்.

கரண்ட் விஷயம்தான் இதில் பெரிய பாடம். எங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே ஒயர் இழுத்துக்கொள்ளலாம், செலவு மிச்சம் என்று நான்தான் சொன்னேன். மறுத்துவிட்டார்கள். ஒன்று மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குங்கள், இல்லை ஜெனரேட்டர் எடுங்கள் என்றார்கள், ஜெனரேட்டர் எடுத்தோம். பலூனில் இருக்கிற காற்று ஒருமுறை அடைத்தால் நிற்காது, ப்ளோயர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் பிள்ளைகள் உள்ளே இருக்கும்போதே பலூன் மடங்கி மேலே விழும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அதனால் ப்ளோயருக்குத் தனி லைன் கொடுத்து, ஜூஸ் கடை மிக்ஸியையும் சீரியல் செட்டையும் வேறு லைனில் போட்டார் எலக்ட்ரீஷியன். டீசல் முடிகிற நேரத்தைக் கணக்குப் பண்ணி, ஊற்றுவதற்கு முன்னால் பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டுத்தான் ஜெனரேட்டரை நிறுத்தினார். யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை.

மைக் செட் நல்ல சத்தம், காது கிழியாத சத்தம். கூம்பு ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால் பாக்ஸ்தான் கொண்டுவந்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் அனுமதிக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதை அவர்களே சொல்லிக் கொடுத்தார்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிற விதி. இன்னும் ஒரே ஒரு பாட்டு என்று பையன்கள் கெஞ்சினார்கள், மைக் செட் அண்ணன் பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே நிறுத்திவிட்டார். சிலருக்குக் கோபம்தான். எனக்கு அது சரியாகவே பட்டது, மறுநாள் திங்கள், பள்ளிக்கூடம்.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும். பலூன் காலை 10 மணிக்கு வரும் என்றார்கள், வந்தது பன்னிரண்டரைக்கு. முந்தின இரவு வேறொரு விசேஷத்துக்குப் போய் அங்கிருந்து நேராக வந்திருக்கிறது, உள்ளே தரையெல்லாம் ஈரம், கேக் பிசுக்கு. நாங்கள்தான் துடைத்தோம். இரண்டரை மணி நேரம் பிள்ளைகள் வெயிலில் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றது இப்போதும் மனசைப் பிசைகிறது. 150 நாற்காலியில் பத்துப் பன்னிரண்டுக்குக் கால் விரிசல், நல்லவை கல்யாணத்துக்குப் போய்விட்டன போல. பெரியவர்கள் உட்காருகிற விஷயம், இதை மன்னிக்க முடியாது. அதைச் சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள்தான், ஆனால் இறக்கும்போதே பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் டம்ளர். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கப்பும், உள்ளே பூச்சு பூசிய பேப்பர் கப்பும் தமிழ்நாட்டில் தடை என்பதால் 200 எவர்சில்வர் டம்ளர் எடுத்தோம். நல்ல முடிவு, தெருவில் குப்பையே சேரவில்லை, வாழை இலை மட்டும்தான். ஆனால் திருப்பிக் கொடுத்தபோது 9 குறைகிறது என்று முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். வரும்போது நாங்கள் எண்ணி வாங்கவில்லை, அவர்களும் எண்ணிக் கொடுக்கவில்லை. அப்படியிருக்க எங்களிடம் மட்டும் பிடித்தது நியாயமில்லை, கடைக்காரர் இதைப் படித்தால் யோசிக்க வேண்டும்.

எடுக்கப் போகிறவர்கள் நாற்காலியை மட்டும் நம்பாமல் ஜமுக்காளம் நான்கைந்து கேட்டு வாங்குங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் தெருப் பாட்டிகள் அதை விரித்து, சாக்பீஸில் கட்டம் போட்டுத் தாயம் ஆட உட்கார்ந்தவர்கள் விளக்கு போடுகிற வரை எழுந்திருக்கவில்லை. பேசுவதற்கு மதியம் 2 மணிக்கு மேல் போங்கள், காலையில் முதலாளி ஏதாவது மண்டபத்தில் இருப்பார். பொருள் வந்து இறங்கும் நேரத்தை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், முக்கியமாகப் பலூனுக்கு. அடுத்த தைக்கும் இவர்களிடமே சொல்லி வைத்துவிட்டோம்.