3.55 என்று பில் போட்டு 4.10 மாட்டிய கடை: ஆட்டோமேட்டிக் மஸ்டாங் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

டல்லாஸ் பக்கம் இருந்துகொண்டு, 2011 முதல் 2014 வரை வந்த ஆட்டோமேட்டிக் மஸ்டாங் ஜிடியில் பின் ஆக்சில் கியரை மாற்ற நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். என் 2013 ஜிடிக்கு நான் கேட்டது 3.55 ரேஷியோ, அதாவது பின் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, முன்னாலிருந்து வரும் ஷாஃப்ட் 3.55 சுற்று சுற்ற வேண்டும். வேலைச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டது 3.55. பில்லிலும் 3.55தான். ஆனால் ஆக்சிலுக்குள் மாட்டியிருந்தது 4.10. புது பேரிங்குக்கும் சேர்த்துப் பணம் வாங்கிவிட்டு, பழைய பேரிங்குகளின் மேலேயே மாட்டியிருக்கிறார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

ஆரம்பத்திலிருந்தே கவுண்டரில் இருந்தவர் 4.10க்கு அடிபோட்டுக்கொண்டே இருந்தார். மஸ்டாங் என்றால் 4.10தான், 3.55க்குச் செலவு செய்வதே வீண் என்று அடித்துச் சொன்னார். எங்கே போனாலும் இந்தப் பேச்சுதான் காதில் விழும். 1999 முதல் 2004 வரை வந்த மேனுவல் ஜிடிக்கு அது பொருந்தும். அந்தக் காரின் முதல் கியர் ஏறத்தாழ 3.38, கம்பெனி போட்ட பின் ஆக்சில் 3.27. இரண்டையும் பெருக்கினால் 11 சொச்சம்; இந்த எண் கூடக்கூடக் கிளம்பும்போது இழுவை கூடும். 4.10 மாட்டினால் 13.9 ஆகும், கார் சட்டென்று கிளம்பும். சரி.

என் காரில் இருப்பதோ 6ஆர்80 என்ற ஆறு கியர் ஆட்டோமேட்டிக். இதன் முதல் கியரே 4.17. கம்பெனி போட்ட 3.15ஐ வைத்துப் பெருக்கினாலே 13.1 வந்துவிடுகிறது. அதே வருட மேனுவல் ஜிடிக்கு முதல் கியர் 3.66. அதில் 3.55 மாட்டினால்கூட 13தான். ஆக, அந்தப் பழைய கார்கள் 4.10 போட்டு எட்டிப்பிடித்த இடத்துக்குப் பக்கத்தில்தான் என் கார் கம்பெனியிலிருந்தே நிற்கிறது. இது போதாதென்று டார்க் கன்வர்டர் வேறு, கிளம்பும் நேரத்தில் இன்ஜினின் முறுக்குவிசையை இரு மடங்கு வரை பெருக்கிக் கொடுக்கும். மேனுவல் காரில் அந்த உதவி கிடையாது.

4.10 மாட்டினால் இந்தப் பெருக்கல் 17.1க்கு ஏறிவிடும். சாதாரண ரோட்டு டயர் அதைத் தாங்காது, மிதித்ததும் சுழலும். 27 அங்குல டயர், 7000 ஆர்பிஎம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் முதல் கியர் 33 மைல் வேகத்திலேயே தீர்ந்துவிடும். இரண்டாவது 58, 59 மைலில் முடிந்துவிடும். 60 மைல் தொடவே மூன்றாவது கியர் போட வேண்டும். 3.55 என்றால் இரண்டாவது கியரே 67 மைல் வரை இழுக்கும். நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் 70 மைல் போகும்போது 3.15க்கு 1900 ஆர்பிஎம், 3.55க்கு 2130, 4.10க்கு 2460. தினமும் ஆபீஸ் போய்வரும் காருக்கு இந்த வித்தியாசம் பெட்ரோலிலும் காதிலும் தெரியும். இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் 3.55 கேட்டேன். கவுண்டர்க்காரரிடமும் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

காரை எடுத்து வந்த அன்றே ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டியது. கியர் மாற்றினால் அப்படித்தான் இருக்கும், டியூன் செய்யும்போது சரியாகிவிடும் என்று கடையில் சொன்னார்கள். அது பாதி உண்மை. இந்தக் காரில் புது ரேஷியோவைக் கணினியில் மாற்றி எழுதும்வரை வேகம் கூடுதலாகத்தான் காட்டும். ஆனால் எவ்வளவு கூடும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறதே. 3.55ஐ 3.15ஆல் வகுத்தால் 1.127. நிஜமாக 60 மைல் போகும்போது மீட்டர் 67, 68 காட்ட வேண்டும். போனில் ஜிபிஎஸ் 60ஐக் காட்டும்போது என் மீட்டர் 78இல் நின்றது. 78ஐ 60ஆல் வகுத்தால் 1.3. அதை 3.15ஆல் பெருக்கிப் பாருங்கள், 4.10 வரும்.

போதாததற்கு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வேறு. போன் செய்தால், புது கியர், 500 மைல் ஓடினால் சத்தம் அடங்கிவிடும் என்றார்கள். புது கியருக்கு 500 மைல் பதமாக ஓட்டுவது வழக்கம்தான். ஆனால் சரியாக செட் செய்த கியர் முதல் நாளே அமைதியாக இருக்கும். ஊளையிடுகிற கியர் ஓடி ஓடித் தேயுமே தவிர, தானாகச் சரியாகாது.

வேறொரு கடையில் கவரைக் கழற்றினோம். ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய கியரான கிரவுன் வீலின் விளிம்பை நன்றாகத் துடைத்து டார்ச் அடித்ததும் 41, 10 என்று பல் எண்ணிக்கை பொறித்திருந்தது கண்ணில் பட்டது; 41ஐ 10ஆல் வகுத்தால் 4.10. 3.55 என்றால் 39, 11 என்று இருக்க வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, கிரவுன் வீலைச் சுற்றவைக்கும் சின்ன கியரான பினியனின் முனையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னார் அந்த மெக்கானிக். டக் டக் என்று கையிலேயே ஆட்டம் தெரிந்தது. பினியனின் இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவில் மெல்லிய இரும்புக் குழல் ஒன்று உண்டு, க்ரஷ் ஸ்லீவ் என்பார்கள். நட்டை முறுக்கும்போது அது நசுங்கி, பேரிங்குக்கு வேண்டிய இறுக்கத்தைக் கொடுக்கும். ஒரு தடவை நசுங்கியதை மறுபடி போடக் கூடாது. இவர்கள் பழையதையே போட்டிருந்தார்கள். பேரிங்குகளில் காருடன் வந்த தேய்மானம் அப்படியே இருந்தது. பல்லுக்குப் பல் இடைவெளியை டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் 0.022 அங்குலம். இந்த 8.8 அங்குல ஆக்சிலுக்கு 0.008 முதல் 0.015 வரைதான் இருக்கலாம். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் நெடுஞ்சாலையில் பினியன் உடைந்து பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டிருக்கலாம். காரில் பிள்ளைகள் வருவார்கள். பணம் போனதைவிட அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதல் கடையில் கேட்டால், பெட்டியில் தப்பான செட் வந்துவிட்டது என்றார்கள். பேரிங்கைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை. கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் அந்தத் தொகையை மறுத்து பேங்கில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். டெக்சாஸ் நுகர்வோர் சட்டப்படி வழக்குப் போடுவதற்கு 60 நாள் முன்னால் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதையும் அனுப்பிவிட்டேன். 20,000 டாலர் வரையிலான வழக்கை இங்கே சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டிலேயே வக்கீல் இல்லாமல் நடத்தலாம்.

நீங்கள் வேலைக்குக் கொடுப்பதாக இருந்தால், கழற்றிய பேரிங்குகளையும் க்ரஷ் ஸ்லீவையும் என்னிடம் திருப்பித் தர வேண்டும் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கவரை மூடும் முன் மஞ்சள் சாயம் தடவிப் பார்த்த, பல்லோடு பல் படும் தடத்தையும் விளிம்பில் பொறித்த எண்ணையும் போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். அப்புறம், ஏற்கெனவே வேலை முடித்து எடுத்து வந்தவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். காரை ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, இரண்டு பின் சக்கரங்களையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எண்ணுவது சுலபம். 3.55 என்றால் ஷாஃப்ட் மூன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே போய் நிற்கும். நாலைத் தாண்டினால் வண்டியை அதற்கு மேல் ஓட்டாமல் வேறு கடையில் கவரைக் கழற்றிப் பாருங்கள்.