விரல் போகுதுல்ல போதும்னு சொன்னான், 2,480 டாலர் போச்சு

இன்னிக்கு காலைலதான் என் மோட்டார்ஹோம (உள்ளயே வீடு மாதிரி வசதி இருக்க வண்டி) ரிப்பேர் பண்ண ஷாப்லருந்து கடைசி பதில் வந்துச்சு, கோபம் இன்னும் ஆறல, அந்த வேகத்துலயே டைப் பண்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. பழைய மோட்டார்ஹோம் வச்சிருக்கவங்க, வாங்கலாம்னு ஆசைல இருக்கவங்க கண்டிப்பா படிங்க. ஃபேன் கிளியரன்ஸ், அதாவது ரேடியேட்டர் ஃபேன சுத்தி இருக்க இடைவெளிய எப்படி செக் பண்றதுன்னு கடைசில ஒவ்வொண்ணா விளக்கமா சொல்றேன்.

நம்ம வண்டி 1976 ஜிஎம்சி மோட்டார்ஹோம், 26 அடி. 1973லருந்து 1978 மாடல் வரைக்கும்தான் இது வந்துச்சு. ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ கார்ல இருந்த 455 கியூபிக் இஞ்ச் என்ஜினையும் கியர்பாக்ஸையும் அப்படியே தூக்கி முன்னாடி வச்சு முன் சக்கரத்துக்கு பவர் குடுத்திருப்பாங்க. ஃபேன் எலெக்ட்ரிக் கிடையாது, என்ஜின்ல இருக்க வாட்டர் பம்ப் மேல கிளட்ச் (ஃபேன் வேகத்த கட்டுப்படுத்துறது), கிளட்ச் மேல ஃபேன். அதாவது ரேடியேட்டரும் ஷ்ரவுடும் (ஃபேன சுத்தி இருக்க கூடு) வண்டியோட நிக்கும், ஃபேன் மட்டும் என்ஜினோட சேர்ந்து ஆடும். இது அப்பவே என் மண்டைல ஏறிருந்தா 2,480 டாலர் பேங்க்லயே இருந்திருக்கும்.

பிரச்சனை ஆரம்பிச்சது ஒரு உரசல் சத்தத்துல. டிரைவர் சீட்டுக்கு பக்கத்துல இருக்க ஹேட்ச்ச தொறந்து டார்ச் அடிச்சு பார்த்தா ஷ்ரவுடுக்கு கீழ்ப்பக்கம் பிளேடு தேய்ச்ச கோடு, மேல்பக்கம் பார்த்தா கேப்பு தாராளமா இருக்கு. எனக்கு அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியல, பழைய மோட்டார்ஹோம் மட்டும்தான் பார்ப்போம்னு சொல்ற ஒரு ஷாப்புக்கு ஓட்டிட்டு போனேன். பேர் சொல்ல மாட்டேன், சட்டப்படி போகப் போறேன்.

அங்க ஓனர் வயசானவர், வாசல்லயே அவரோட சொந்த ஜிஎம்சி பளபளன்னு நிக்குது. என் வண்டிய ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, கண்ண மூடிக்கிட்டு, தலைய லேசா சாச்சு சத்தத்த கேட்டார், கச்சேரில முதல் வரிசைல உக்காந்திருக்க ரசிகர் மாதிரி. அங்கேயே நான் விழுந்துட்டேன். ஷ்ரவுட் வளைஞ்சிருக்கு, ரேடியேட்டர் கோர் (கூலன்ட் ஓடுற ட்யூப் எல்லாம் இருக்க நடுப்பகுதி) செத்துப்போச்சு, தடிமனான அலுமினியம் ரேடியேட்டர் போட்டு, ஃபேன் கிளட்ச் மாத்தி, ஷ்ரவுட கீழ கொஞ்சம் வெட்டி விட்டா இன்னும் 20 வருஷம் ஓடும்னார். மொத்தம் 2,480 டாலர்.

என் வீட்டம்மா பக்கத்துல நின்னுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா, மேல அவ்ளோ இடம் இருக்கு, கீழ மட்டும் ஏன் இடிக்குது, என்ஜின் கீழ இறங்கிருக்குமோன்னு. அவர் சிரிச்சுட்டு 40 வருஷமா இதான் என் தொழில்னார். நானும் அவள பார்த்து சும்மா இரும்மான்னு கண்ண காட்டினேன். அத நினைச்சாதான் இப்ப வயிறு எரியுது. அவ இதுவரைக்கும் நான் அப்பவே சொன்னேன்ல-ன்னு ஒரு வார்த்தை சொல்லல, சொல்லித் தொலைச்சிருந்தா கூட பரவால்ல.

பணம் கட்டும்போது கார்டுன்னா 3 சதவீதம் கூட ஆகும், செக்கா குடுத்துருங்கன்னாங்க. மிச்சம் பண்றதா நினைச்சு செக் கிழிச்சு குடுத்தேன்.

வண்டிய எடுக்கப் போன அன்னிக்கு எட்டிப் பார்த்தேன், புது கோர் தடிமன்ல ஃபேன பார்த்து நல்லா பின்னாடி வந்திருக்கு, புது கிளட்ச் வேற பழசவிட நீளமா தெரிஞ்சுச்சு. இவ்ளோ கிட்ட இருக்கேன்னு கேட்டேன். மெக்கானிக் ஆள்காட்டி விரல ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல விட்டு எடுத்துட்டு, விரல் போகுதுல்ல, போதும்னான். என்ஜின் ஆஃப்ல, நின்ன இடத்துல, சமதரைல! நானும் தலைய ஆட்டிட்டு சாவிய வாங்கிட்டு வந்தேன்.

போன சனிக்கிழமை ஐ-5 ஹைவேல கிரேப்வைன் மலைப்பாதை வழியா வடக்க போனோம். ஏத்தத்துல டெம்பரேச்சர் முள்ளு அசையல, ஆஹா காசு குடுத்ததுக்கு பலன்னு நினைச்சேன். அந்தப் பக்கம் இறக்கத்துல முன்னாடி போன லாரி சடன் பிரேக் போட, நானும் ஏறி மிதிச்சேன். கரகரகரன்னு ஒரு சத்தம், அப்புறம் புகையா ஆவியா தெரியல, கண்ணாடி முழுக்க வெள்ளை. ஓரம் கட்டிப் பார்த்தா கோர்ல காம்பஸ் வச்சு வரைஞ்ச மாதிரி அரைவட்டம், ஒவ்வொரு ட்யூபா அறுந்து கூலன்ட் மொத்தமும் ரோட்டுல.

டோ பண்ணி கொண்டுபோன இடத்துல ஒரு பையன், முப்பது வயசு கூட இருக்காது, ஆயில் பேனுக்கு கீழ மரக்கட்டைய வச்சு ஜாக்குல மெதுவா ஏத்தினான். என்ஜின் எழும்புது, என்ஜின தாங்கிப் பிடிக்கிற மவுண்ட் ரப்பர் ரெண்டா பிரிஞ்சு வாயப் பொளந்துட்டு நிக்குது. அவ்ளோதான் விஷயம். மவுண்ட் செத்ததால என்ஜின் இறங்கி கீழ ஷ்ரவுட்ல இடிச்சிருக்கு, பிரேக் போட்டா பிடிச்சு நிறுத்த எதுவும் இல்லாம முன்னாடி பாயுது. பழைய மெலிசு ரேடியேட்டர் இருந்தவரைக்கும் பாய இடம் இருந்துச்சு. இவங்க அந்த இடத்தையும் அடைச்சு, காரணத்த விட்டுட்டு ஷ்ரவுட வெட்டி, 2,480 டாலர் வாங்கிட்டாங்க. வீட்டம்மா கேட்ட அதே கேள்விதான் விடை!

அப்புறம் நடந்தது இன்னும் கேவலம். திங்கக்கிழமை போன் பண்ணா ஓனர் வெளியூர். செவ்வாக்கிழமை போட்டோ அனுப்புங்கன்னாங்க, 14 போட்டோ அனுப்பினேன். புதன்கிழமை ரேடியேட்டர் வாரன்டிக்கு வித்த ஆன்லைன் கடைய கேளுங்கன்னாங்க. அந்தக் கடைல ஃபேன் அடிச்ச டேமேஜுக்கு வாரன்டி கிடையாது, ஃபிட் பண்ணவங்கள கேளுங்கன்னாங்க. மறுபடி ஷாப்புக்கு அடிச்சா லைன் ஹோல்ட், பாட்டு, கட். இன்னிக்கு காலைல மெயில், மவுண்ட் உங்க வண்டியோட கண்டிஷன், அத செக் பண்ணச் சொல்லி நீங்க எழுதிக் குடுக்கலயே, திரும்ப செய்யணும்னா 10 சதவீதம் டிஸ்கவுண்ட் தர்றோம். டிஸ்கவுண்ட்! நான் என்ன செக் பண்ணணும்னு எனக்கே தெரிஞ்சா உன்கிட்ட எதுக்குய்யா 2,480 டாலர் அழறேன்?

விளக்கமா எழுதுறேன்னு சொன்னேன், இப்ப பொறுமை இல்ல, முக்கியமானது மட்டும். ஃபேன் ஷ்ரவுடுக்கு நடுவுல இல்லாம ஒரு பக்கமா இடிச்சா முதல்ல மவுண்ட பாருங்க, அப்புறம் வாட்டர் பம்ப் பேரிங் ஆடுதான்னு ஃபேன பிடிச்சு ஆட்டிப் பாருங்க, இதெல்லாம் என்ஜின் ஆஃப்ல, பேட்டரி கழட்டிட்டு. ஃபேனுக்கும் கோருக்கும் சுமாரா ஒரு இஞ்ச் இல்லன்னா வண்டிய எடுக்காதீங்க. பிளேடுல களிமண்ண ஒட்டி கையால சுத்தினா எங்க உரசுதுன்னு தெரியும், ஆனா அது நிக்கிற வண்டிக்கு மட்டும்தான், பிரேக் போடும்போது ஆடுறத அது சொல்லாது. ஷ்ரவுட வெட்டுறேன்னு யாராவது சொன்னா சாவிய வாங்கிட்டு கிளம்புங்க. கிரெடிட் கார்டுல கட்டுங்க, ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளுக்குள்ள டிஸ்ப்யூட் (பேங்க்ல ஆட்சேபம்) போட ஒரு வழியாவது இருக்கும். பழைய பார்ட்ட திருப்பித் தரணும்னு வேலைய குடுக்கும்போதே எழுதி வாங்குங்க, நான் கேக்கல, என் பழைய ரேடியேட்டர் எங்க போச்சுன்னே தெரியல.

கலிஃபோர்னியா பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேருக்கு (ரிப்பேர் ஷாப்புகள கண்காணிக்கிற அரசு அமைப்பு) கம்ப்ளெயின்ட் பாதி நிரப்பி வச்சிருக்கேன், அதுல அவங்க எழுதிக் குடுத்த எஸ்டிமேட் காப்பி கேக்குது, அந்தப் பேப்பர் வண்டில டேஷ்போர்டுக்குள்ள கிடக்கு, வண்டி டோ யார்டுல கிடக்கு, யார்டு திங்கக்கிழமைதான் தொறப்பாங்களாம்.