மேக்ஸ்485-ஆ, 3082-ஆ, ஐசோலேட்டடா? ஐஸ் கம்பெனில நான் பட்ட பாடு

கன்னியாகுமரி கிட்ட சின்னமுட்டம் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனிக்கு டெம்பரேச்சர் பாக்கதுக்கு ஆறு போர்டு செஞ்சு குடுத்தேன், எல்லாம் ஈஎஸ்பி32 (3.3 வோல்ட்ல ஓடுற சின்ன கண்ட்ரோலர்), ஆர்எஸ்485 லைன் (ஏ, பின்னு ரெண்டு ஒயர்ல எல்லா போர்டும் பேசுறது), செகண்டுக்கு 9600 பிட் ஸ்பீடுல மோட்பஸ் (போர்டுங்க பேசிக்கிற மொழி). ராத்திரி ஒழுங்கா ஓடும், கம்ப்ரசர் எடுத்தா சிஆர்சி எரர் (டேட்டா கடைசில வர செக் பைட்டு ஒத்துப்போகலன்னு அர்த்தம்), ஆனா எல்லா நாளும் கிடையாது. என்னைக்கும் வந்தா ஒரே நாள்ல புடிச்சிரலாம், நம்ம போய் நிக்கும்போது மட்டும் நல்லா ஓடும் பாருங்க, அதுதான் ஆள கொல்லும்.

போர்டையும் லைனையும் சேக்குற சிப்ப மாத்துனா தீரும்னு நெனச்சு ஒவ்வொண்ணா போட்டு பாத்தேன்.

மொதல்ல நம்ம எல்லாரும் வாங்குற அந்த நீல கலர் மேக்ஸ்485 மாடியூல். வெல கம்மி, எல்லா கடையிலயும் கெடைக்கும். ஆனா அந்த சிப்பு 4.75ல இருந்து 5.25 வோல்ட்டுக்கு உள்ளது, நான் 3.3ல ஓட்டிட்டு இருந்தேன் (சிரிக்காதீங்க மக்கா, நீங்களும் செஞ்சிருப்பீங்க). அது போக ஒவ்வொரு மாடியூல்லயும் 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர் (லைன் கடைசில சிக்னல் திரும்பி எதிரொலிக்காம இருக்க வைக்கிறது) ஒட்டி வச்சிருக்கான், ஆறும் பேரலல்ல சேந்தா 20 ஓம் ஆயிரும், சிப்புக்குள்ள லைன ஓட்டுற டிரைவர் தாங்குறதோ 54 ஓம் வரைக்கும் தான், அதுக்கு கீழ போகக்கூடாது. ரெண்டு கடைசில மட்டும் வச்சிட்டு மிச்ச நாலையும் பிச்சு எடுத்ததுலயே பாதி எரர் போச்சு, ஒரு சிப்பு கூட மாத்தல.

மேக்ஸ்3485 3.3 வோல்ட்டுக்குன்னே உள்ளது, வோல்டேஜ் தொல்ல தீந்துரும். ஆனா 10 எம்பிபிஎஸ் சிப்பு, எட்ஜ் (சிக்னல் ஏறி எறங்குற எடம்) ரொம்ப ஷார்ப்பு, மெயின் லைன்ல இருந்து நீளமா கெள பிரிச்சு இழுத்திருந்தா ரிங்கிங் (சிக்னல் அதிர்ந்து ஆடுறது) வரும். 9600க்கு எதுக்கு இவ்ளோ வேகம்?

மேக்ஸ்3082 எனக்கு புடிச்சுது. பின் எல்லாம் 485 மாதிரியே, சாக்கெட்ல புடுங்கி மாட்டிரலாம். 115 கேபிபிஎஸ் தான், எட்ஜ் மெதுவா போகும். முக்கியமா ஃபெயில்சேஃப் உண்டு, லைன் சும்மா கெடந்தா கொழம்பாது. பழைய சிப்புக்கு ஏ-பி நடுவுல 200 மில்லிவோல்ட்டுக்கு கம்மியா இருந்தா என்ன சொல்லும்னு அதுக்கே தெரியாது, யாரும் பேசாத நேரத்துல சும்மா ஒரு பைட்ட துப்பும். மாடியூல்ல இருக்க 20 கே பயாஸ் ரெசிஸ்டர் (சும்மா கெடக்க நேரத்துல ஏ-பி வோல்டேஜ புடிச்சு வைக்கிறது), ரெண்டு 120 சேந்த 60 ஓம் டெர்மினேஷனுக்கு முன்னால சுமார் 7 மில்லிவோல்ட் தான் தரும், ஒரு பிரயோஜனமும் இல்ல. பழைய சிப்பையே வச்சுக்கணும்னா பயாஸுக்கு 680 ஓம் ரெண்டு போட்டா 5 வோல்ட்ல 210 மில்லிவோல்ட் கிட்ட வரும், தப்பிச்சிக்கலாம். 3082ல ஒரே கொற, அது 5 வோல்ட் சிப்பு, ஆர்ஓ பின்ன (வந்த டேட்டாவ வெளிய குடுக்குற பின்) நேரா ஈஎஸ்பில குடுக்காதீங்க, நடுவுல வோல்டேஜ கொறைக்க ரெசிஸ்டர் டிவைடர் வைங்க.

ஏடிஎம்2587ஈ ஐசோலேட்டட், அதாவது போர்டு பக்கத்துக்கும் லைன் பக்கத்துக்கும் நேரடி கரண்ட் தொடர்பு கிடையாது, லைன் பக்கத்துக்கு கரண்ட் குடுக்க உள்ளயே டிசி-டிசி கன்வெர்ட்டர் இருக்கு, வெலய கேட்டா தல சுத்தும். ஆனா கம்ப்ரசர் ரூம் எர்த்தும் ஆபீஸ் எர்த்தும் வேற வேறன்னா, மோட்டர் எடுக்க நேரத்துல வித்தியாசம் சாதா சிப்பு தாங்குற -7 டு +12 வோல்ட்ட தாண்டிரும், அங்க மேல சொன்ன மத்த எந்த சிப்பும் நிக்காது. கம்ப்ரசர் ரூம்ல உள்ள ரெண்டு போர்டுக்கு மட்டும் இத போட்டேன், மத்த நாலுக்கும் 3082. ஐசோலேட்டடுன்னு சொல்லி பஸ் (லைன்) பக்கம் கிரவுண்ட் ஒயர விட்டுராதீங்க, ஏ, பி கூட மூணாவதா அதுவும் ஓடணும்.

கடலோரம்னா சிப்புக்கு முன்னால டெர்மினல் ஸ்குரூவ பாருங்க, உப்புக்காத்துல பச்சையா களிம்பு புடிச்சிருக்கும். ஐப்பசி இடி கழிஞ்ச பெறகு இந்த எரர் ஆரம்பிச்சிருந்தா, பாதி செத்த சிப்பு ஒண்ணு மொத்த லைனையும் இழுத்துட்டு கெடக்கும், ஒவ்வொண்ணா கழட்டி ஏ-பி வோல்டேஜ அளந்தா ஆள் மாட்டிரும்.

இவ்ளோவும் செஞ்ச பெறகும் ஒரு போர்டு மட்டும் அடம் புடிச்சுது. பாத்தா என் கோடு தான். அனுப்ப வேண்டிய டேட்டா இருக்க பஃபர் காலியானதும் டிஈ பின்ன (லைன்ல பேச சிப்புக்கு அனுமதி குடுக்குறது) எறக்கிட்டேன், கடைசி பைட்டு இன்னும் வெளிய போயிட்டே இருக்கு, 9600ல அதுக்கு 1 மில்லிசெகண்ட் வேணும், சிஆர்சியோட வால் தான் அறுந்துட்டு இருந்துது. மத்த அஞ்சுலயும் புது கோடு, இதுல மட்டும் பழசு, ரெண்டு நாள் சோல்டரிங் அயர்னும் கையுமா அலஞ்சது இதுக்குத்தான்.