தன்னையே அச்சிடும் நிரல்: சி வழியா, பைத்தான் வழியா?

எந்த உள்ளீடும் வாங்காமல், தன் மூலநிரலை ஓர் எழுத்தும் பிசகாமல் தானே அச்சிடும் நிரலுக்குக் குவைன் என்று பெயர். மெய்யியல் அறிஞர் வில்லர்ட் வான் ஆர்மன் குவைனின் பெயரை 1979இல் இதற்குச் சூட்டியவர் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர். இத்தகைய நிரலை எழுத முடியும் என்பதற்கான கணித அடிப்படையை ஸ்டீபன் கிளீனி 1938இலேயே நிறுவிவிட்டார். எனவே வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் மாலை வேளைகளில் கூடிப் படிக்கும் பொறியியல் மாணவர்களுக்கு முன்னால் இருப்பது, எந்த வழியில் எழுதினால் இதன் உட்பொருள் கைவசப்படும் என்ற தேர்வு மட்டுமே. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி முதல் பருவத்தில் பைத்தானும், கணினிப் பிரிவினருக்கு இரண்டாம் பருவத்தில் சி மொழியும் இடம்பெற்றதால், இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பார்ப்பது பொருந்தும்.

குறுக்கு வழிகளை முதலில் ஒதுக்கிவிடலாம். தன் கோப்பைத் திறந்து படித்து அச்சிடும் நிரல் குவைன் ஆகாது. மூலக்கோப்பை அழித்துவிட்டு இயக்கினால் அதன் சாயம் வெளுத்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு செயற்கூற்றை எழுத்துச் சரமாக மாற்றினாலே அதன் மூல உரை கிடைத்துவிடுகிறது. அந்த உரை எழுதியபடியே வர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டுத் தரநிலை வரையறுத்தும்விட்டது. இது விதிமீறலா இல்லையா என்ற வாதம் எப்படி முடிந்தாலும், மொழியே வேலையைச் செய்து கொடுப்பதால் கற்பவருக்கு இதில் மிச்சம் ஏதுமில்லை. 1994இல் குழப்பமான சி நிரல்களுக்கான பன்னாட்டுப் போட்டிக்கு ஒருவர், எதையும் அச்சிடாததாலேயே தன்னை அச்சிட்டதாகிவிடும் வெற்றுக் கோப்பை அனுப்பி, விதிகளை மிக மோசமாகத் துஷ்பிரயோகம் செய்ததற்கான பரிசையே வாங்கிச் சென்றார். குறும்பு என்ற அளவில் அதை ரசிக்கலாம்.

இனி சி. அச்சிட வேண்டிய சரத்தை இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதுகிறோம். அந்தச் சரத்துக்குள் அதே சரம் மேற்கோள் குறிகளோடு வர வேண்டும். அக்குறியை அப்படியே உள்ளே எழுதினால் சரம் பாதியிலேயே முடிந்துவிடும். பின்சாய்கோடு இட்டுத் தப்பிக்க முயன்றால் அந்தச் சாய்கோட்டையும் அச்சிடுவதற்கு இன்னொரு சாய்கோடு வேண்டியிருக்கும். இச்சிக்கலை அவிழ்ப்பது 34 என்ற எண். எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் வழங்கும் ஆஸ்கி அட்டவணையில் இரட்டை மேற்கோள் குறிக்கு உரிய எண் அது. குறி வர வேண்டிய இடங்களை வெற்றிடமாக விட்டு, அச்சிடும்போது 34 என்ற எண்ணையும் அதே சரத்தையும் நிரப்பினால் நிரல் முழுமை பெறுகிறது. ஒரே சரம் ஒருமுறை வார்ப்புருவாகவும் மறுமுறை வெறும் தரவாகவும் பயன்படுகிறது. குவைனின் சாரம் இந்த இரட்டைப் பயன்பாடுதான். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் 1984இல் வெளியான தம் டூரிங் விருது உரையில், மூலநிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் தொகுப்பிக்குள் ஒளிந்துகொண்டு தன்னைத் தானே கடத்திச் செல்லும் கள்ளக் கதவை விளக்குவதற்கு, சி மொழியில் எழுதிய இத்தகைய ஒரு நிரலிலிருந்துதான் தொடங்கினார்.

சி வழியில் நடைமுறைத் தொல்லைகளும் உண்டு. 76 குறியீடுகளில் அடங்கும் பழைய ஒற்றை வரி வடிவத்தை 2024இல் வந்த ஜிசிசி 14 தொகுப்பி இயல்புநிலையில் ஏற்பதில்லை. அச்சிடும் கட்டளையை அறிவிக்கும் தலைப்புக் கோப்பைச் சேர்க்காமல் விடுவதையும் முதன்மைச் செயற்கூற்றின் வகையைக் குறிப்பிடாமல் விடுவதையும் அது பிழையாகவே கொள்கிறது. தலைப்புக் கோப்பைச் சேர்த்தால் புதுவரி தேவைப்படும். அதற்கென 10 என்ற எண்ணும் நிரலுக்குள் நுழையும்.

பைத்தானிலோ 31 குறியீடுகளில் வேலை முடிந்துவிடுகிறது. பர்சன்ட் ஆர் (%r) என்ற வடிவக்குறி சரத்தை மேற்கோள் குறிகளோடு தானே எழுதிக் கொடுப்பதால், சி மாணவர் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடத்தைப் பைத்தான் மாணவர் கவனிக்காமலே கடந்துவிடுகிறார். நிரல் சுருக்கமாக வருகிறது என்பது உண்மை; ஆனால் அந்தச் சுருக்கமே பாடத்தை விழுங்கிவிடுகிறது என்பது என் கருத்து. பழக்கதோஷத்தில் இரட்டை மேற்கோள் குறி இட்டு எழுதினால் பைத்தான் அதை ஒற்றைக் குறியாக மாற்றி அச்சிடும். அப்போது நிரல் குவைன் ஆகாது.

சரத்துக்குள் தமிழ் வைத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் துலங்கும். எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பிடிக்கும். சி அவற்றை வந்தபடியே கடத்திவிடும். பைத்தான் 3இன் பர்சன்ட் ஆரும் தமிழ் எழுத்துகளை மாற்றாது. ஆனால் க், ஷ இரண்டும் ஒட்டாமல் நிற்பதற்காகச் சிலர் இடையில் இடும், கண்ணுக்குத் தெரியாத குறியை மட்டும் அது பின்சாய்கோட்டு எண்ணாக மாற்றிவிடும். திரையில் வார்த்தை ஒழுங்காகத் தெரிய, கோப்புகளை ஒப்பிடும் கட்டளை மட்டும் வேறுபாடு இருப்பதாகச் சொல்லிக்கொண்டேயிருக்கும்.

மடிக்கணினி இல்லாமல் கைபேசியிலேயே பழகும் மாணவருக்குத் தொகுப்பி வேண்டாத பைத்தான் எளிது என்பதையும் தள்ளிவிட முடியாது. அவர்களுக்கு நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி: பைத்தானிலேயே பர்சன்ட் ஆரைத் தவிர்த்து, ஒற்றை மேற்கோள் குறியின் எண்ணாகிய 39ஐ இருபுறமும் கொடுத்து, சி பாணியில் எழுதுவது. நிரல் சற்றே நீளும். ஆனால் மேற்கோள் குறிச் சிக்கலை மாணவரே அவிழ்க்க நேரும். சரம் எந்த மாற்றமும் இன்றி அச்சாவதால் கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறியும் இருந்தபடியே வந்துசேரும். அச்சிடும் கட்டளை இறுதியில் தானாக ஒரு புதுவரி சேர்க்கும் என்பதால், கோப்பையும் புதுவரியோடு முடித்துச் சேமித்த பிறகே ஒப்பிட வேண்டும்.